எட்டாம் எண் வீட்டுச் சுவர்

மூரியலின் வீட்டு வாசலில் அன்றும் பத்துப் பேர் குடையோடு நின்றார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் திரையை விரலளவு விலக்கி எனிட் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பளி வியாபாரி, போக்கிடமில்லாத விதவைகளுக்கென்று முற்றத்தைச் சுற்றிக் கட்டிய பன்னிரண்டு தர்ம வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே செங்கல், ஒரே குள்ளக் கதவு, ஒரே உயரத்தில் புகைபோக்கி. யாரும் யாரைப் பார்த்தும் பெருமூச்சு விடக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ. எனிட்டின் ஏழாம் எண்ணுக்கும் மூரியலின் எட்டாம் எண்ணுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். பதினோரு வருடம் எனிட்டுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

மார்ச்சில் மூரியல் வீட்டுச் சுவரில் ஈரம் ஊறி, சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே பழைய ஓவியம்: மாதுளைக் கொடிகள், நீல அங்கி அணிந்த ஒரு பெண். பத்திரிகையில் மூரியலின் படம் வந்தது; ஓவியத்தைப் பார்க்க தினமும் ஆட்கள் வந்தார்கள். பல்செட்கூட மாட்டாமல் சிரித்திருந்தாள். "மகாராணி எப்படி இருக்காங்க?" என்று தபால்காரன் தினமும் அங்கே நின்றான். எனிட்டின் கடிதங்களைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போனான். 'எனக்கப்புறம் மூணு வருஷம் கழிச்சு இங்க வந்தவ' என்று நினைத்தபடி எனிட் ஆறிப்போன தேநீரைக் கலக்கிக்கொண்டே இருப்பாள்.

அன்று கூட்டம் கலைந்ததும் அடுப்பில் கெட்டிலை வைத்தாள். வைத்தவள், என்ன தோன்றியதோ, அலமாரியை நகர்த்திவிட்டு வெண்ணெய்க் கத்தியால் சுவரைச் சுரண்டத் தொடங்கினாள். வெள்ளை. மேலும் வெள்ளை. பிறகு நகமளவு நீலம். மூச்சு வாங்கச் சுரண்டினாள். மெலிந்த விரல்கள் தெரிந்தன, ஒரு பெண்ணின் கை.

"எனக்கும் இருக்குடி!" என்று கத்தியேவிட்டாள்.

கதவு திறந்தது. மூரியல். எனிட் சட்டென்று திரும்பிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள்.

"கூப்பிட்டியா? ஏதோ சத்தம் கேட்டுச்சு."

"இல்லையே. உக்காரு."

மூரியல் உட்காரவில்லை. தர்ம வீடுகளின் நிர்வாகத்திலிருந்து வந்த கடிதத்தைப் பிரித்தாள். "நான் அடுப்பு மூட்டுனா படத்துக்கு ஆகாதாம். என் மூச்சுக்காத்துகூட ஆகாதாம். ரயிலடிப் பக்கம் மூணாவது மாடியில ரூம் தர்றாங்களாம். அடுத்த மாசம் கிளம்பணும்."

"மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"தர்மத்துல இருக்கவ என்னத்தச் சொல்றது?" மூரியல் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பில், கட்டிலில், கடைசியாக எனிட்டின் முகத்தில் அவள் கண் வந்து நின்றது. "குடுத்துவச்சவடி நீ."

கெட்டில் ஊளையிடத் தொடங்கியது. எனிட் நகரவில்லை. சுண்ணாம்புத் தூள் கழுத்து வழியாக முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது.

"எனிட், தண்ணி கொதிக்குது பாரு," என்றாள் மூரியல்.