தொப்பைக் குட்டிகள்

குஷாய்குடாவில் தணிகாசலத்தின் நாயும் பக்கத்து வீட்டு ஆக்னஸின் நாயும் ஒரே வாரத்தில் குட்டி போட்டன. அவளுடைய ஆறும் துள்ளித் திரிவதைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. தம்முடைய மூன்றும் தொப்பையோடு கிடந்ததுதான் ஆறுதல்.

“என் குட்டிக வயித்தப் பாரு! உன்னோடது பஞ்சத்துல பொறந்தது” என்று பீற்றிக்கொண்டார்.

மறுநாள் ஒரு குட்டி நூல் நூலாகப் புழு கக்கியது. ஆக்னஸ்தான் எதையோ தின்னக் கொடுத்துவிட்டாள் என்று நாய் டாக்டர் பிரசன்னாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“யாரும் குடுக்கல பெரியவரே. தாய் வயித்துக்குள்ளயே குட்டிக்கு வந்த புழு. இந்தத் தொப்பையும் அதாலதான். சினையா இருந்தப்ப மருந்து குடுத்தீங்களா?”

நாய் சினையாக இருந்தபோதே ஆக்னஸ் தன் நாய்க்கு வாங்கிய புழு மருந்தில் பாதியைக் கொண்டுவந்து தந்திருந்தாள். விஷமாக இருக்கும் என்று சாக்கடையில் கொட்டியவர் அவர்தான்.

டாக்டர் தந்த மருந்தில் மூன்றும் பிழைத்தன. ஆக்னஸ் எட்டிப் பார்த்தாள்.

“தொப்பைய எங்க அண்ணாச்சி?”

“உன் கண்ணு பட்டுக் கரைஞ்சு போச்சு” என்றார்.