வாசலில் ஒரு ஜோடி மிச்சம்

காலை ஆறேகால் ஆகியும் வாசலில் ஒரு ஜோடி செருப்பு மிச்சமிருந்தது.

எங்கள் கராத்தே பள்ளியில் செருப்புக்கு ஒரு சட்டம் உண்டு. படிக்குக் கீழே, முனை தெருவைப் பார்த்தபடி, ஒரே வரிசையாக விட வேண்டும். ஞானசேகரன் மாஸ்டர் வருகைப் பதிவேட்டைத் திறக்கவே மாட்டார். அந்த வரிசையை ஒரு பார்வை பார்த்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார். கல்லூரி முதல் வருஷத்தில் இங்கே சேர்ந்தேன். ஏழு வருஷம் ஆகிறது; டீச்சர் ஆகும் வரை என் செருப்பும் அந்த வரிசையில்தான் கிடந்தது. இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். கடலூர் முதுநகரில் ஐஸ் பெட்டி தூக்கும் என் அப்பா இதை வேலை என்றே ஒத்துக்கொள்வதில்லை. எம்.காம். படித்துவிட்டு உதைக்கச் சொல்லித் தருகிறாயா என்பார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்கு மேல் அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருந்ததில்லை.

இந்தக் குழுதான் பதில் என்று நினைத்தேன். பள்ளியிலிருந்து கிளம்பி, சிதம்பரம் கோயிலைச் சுற்றியுள்ள நாலு வீதியையும் நடந்தோ ஓடியோ சுற்றி வரும் பெண்கள் குழு. மாஸ்டர் ஒரு மாதம் நடத்திப் பார்க்கச் சொன்னார்.

"ஒரே ஒரு வீட்லேருந்து ஆள் வந்து சத்தம் போட்டாலும் அன்னைக்கே நிறுத்திடுவேன், ஸ்ரீமதி. எனக்குப் பசங்க அட்மிஷன் முக்கியம்."

பதினோரு பேர் சேர்ந்தார்கள். ஆனால் ஒருத்தி கூட வீட்டிலிருந்து ஷூ போட்டுக்கொண்டு வரத் தயாராக இல்லை. தெற்கு வீதியில் இட்லிக் கடை வைத்திருக்கும் தில்லையம்மாள்தான் காரணத்தைச் சொன்னார்.

"ஷூவோட தெருவுல எறங்குனா யாரோட ஓடிப் போறேன்னு கேப்பாங்க, டீச்சர். இந்த வயசுல எவன் வருவான்னு அவுங்களுக்குத் தோணாது."

அதனால் எல்லோரும் பால் வாங்கப் போகிற மாதிரி செருப்போடும் பையோடும் வந்தார்கள். ஷூக்கள் பள்ளி அலமாரியில் காத்திருக்கும். சுற்றி முடித்ததும் மறுபடி செருப்புக்கு மாறி, பால் பாக்கெட்டோடு வீடு திரும்புவார்கள். இந்த நாடகத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் எனக்கு அது வசதியாக இருந்தது. ஆள் எண்ண வேண்டியதில்லை, வரிசை காலியானால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

மிச்சமிருந்த ஜோடி ஜெய்னப் அக்காவுடையது. பழுப்பு நிறம், வலது வாரில் தையல். அக்காவுக்கு நாற்பத்தேழு வயது, சர்க்கரை உண்டு. கணவர் குவைத்தில் இருக்கிறார். இங்கே வீட்டுக்குப் பெரியவன் மகன் அத்னான்தான். இருபத்திரண்டு வயதுப் பையன். முதல் நாள் கூடவே வந்து, கையைக் கட்டிக்கொண்டு எந்த வழி, எவ்வளவு நேரம் என்றெல்லாம் விசாரித்தான். போகும்போது, அம்மா இனி உங்கள் பொறுப்பு என்றான்.

கடைசி ஆளுக்குப் பின்னால் நான் வர வேண்டும் என்பது நானே போட்ட விதி. அன்றைக்கு அதை நானே மீறினேன். அடுத்த மாதம் கடலூர் பீச்சில் ஓட்டம் ஒன்று இருக்கிறது, நாலு பேரையாவது கூட்டிப் போக ஆசை. மேல வீதி மூலையில் ஜெய்னப் அக்கா மூன்றாம் முறையாக நின்றபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்க ஒருத்தருக்காகப் பத்து பேர் டெய்லி நிக்க முடியாதுக்கா. மெதுவா வாங்க, நாங்க போறோம்."

சரிம்மா என்று மட்டும் சொன்னார். நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். அந்த ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அலமாரியில் அக்காவின் பை இருந்தது, உள்ளே அவர் போனும் இருந்தது. வேறு நம்பர் என்றால் அத்னானுடையதுதான். கூப்பிட்டால் அவன் வருவான். வந்தால் சத்தம் போடுவான். குழு முடிந்தது.

ஆகவே நான் கூப்பிடவில்லை. முதலில் வந்த பயம் குழுவைப் பற்றியதுதான். அக்கா வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு வருவதாக என்றோ சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மேல வீதிக்குப் போனேன். மூலையில் யாரும் இல்லை. டீக்கடைக்காரரிடம், புர்காவும் ஷூவும் போட்ட ஒரு அம்மாவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். தினமும் பார்க்கிறேனே, பால் பையை வைத்துவிட்டுத்தானே பதினோரு பேரும் போகிறீர்கள் என்று சிரித்தார். இன்றைக்கு மட்டும் கவனிக்கவில்லையாம். ஊருக்கே தெரிந்திருக்கிறது. யாருக்குப் பயந்து அத்தனை செருப்பு மாற்றினோம்?

வடக்கு வீதியில் ஒரு கும்பல் நின்றது. சைக்கிளை வேகமாக மிதித்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், வேனிலிருந்து இறங்கிய யாத்திரைக்காரர்கள் தங்கள் பெட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கீழ வீதியில் ஒரு ஆம்புலன்ஸ் தாண்டிப் போனது. யாரை ஏற்றியிருக்கிறார்கள் என்று யாரிடம் கேட்பது?

திரும்பி வந்தபோது மாஸ்டர் வாசலில் நின்றிருந்தார்.

"ஒண்ணு நிக்குது," என்றார். செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் முன்னாலேயே அத்னானுக்கு போன் போட்டேன்.

"அம்மாவா? அப்பவே வந்துட்டாங்களே. தல சுத்துதுன்னு படுத்திருக்காங்க. நீங்கல்லாம் பின்னாடி வந்துக்கிட்டு இருக்கீங்கன்னு சொன்னாங்க, மேடம்."

அக்கா எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். மயக்கம் வந்தபோது ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். பத்து பேர் நிற்க முடியாது என்று நான் சொன்னதால், சுவரைப் பிடித்துக்கொண்டாவது தனியாக வீட்டுக்குப் போயிருப்பார். நானும் ஆமாம் தம்பி என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"இல்ல தம்பி. நான் முன்னாடி ஓடிட்டேன். உங்கம்மாவ விட்டுட்டுப் போனது நான்தான்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அந்தப் பையன் வந்து சத்தம் போட்டால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு மாஸ்டர் உள்ளே போனார்.

அன்று பகல் முழுக்க வாசலில் பைக் சத்தம் கேட்டாலே வெளியே வந்து பார்த்தேன். அவன் வரவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வாசலில் பதினோரு ஜோடி. அதில் ஒன்று நேற்றையது. பத்து பேரும் அந்தத் தையல் போட்ட வாரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஐந்து பத்துக்குத் தெருமுனையில் ஜெய்னப் அக்கா தெரிந்தார். செருப்பு இங்கே கிடந்ததால் ஷூ போட்டுக்கொண்டே வந்திருந்தார். வீட்டு வாசலிலிருந்து, தெரு முழுக்க, ஷூவோடு. பின்னால் பைக்கை உருட்டியபடி அத்னான். மாஸ்டர் படியில் வந்து நின்றார்.

அத்னான் சத்தம் போடவில்லை.

"ரெண்டு பிஸ்கட் சாப்ட்டுதான் வந்திருக்காங்க. மாத்திரைய எப்ப போடணும்னு இன்னைக்கு டாக்டரக் கேட்டுடறேன்." அப்புறம் என்னை நேராகப் பார்த்தான். "கடைசில யாரு வருவா?"

"நான்."

அவன் போகவில்லை, பைக்கில் சாய்ந்து நின்றான். மாஸ்டர் கதவை அகலத் திறந்துவிட்டார். நான் பதினோரு பெயரையும் வாய்விட்டுக் கூப்பிட்டு, ஒவ்வொருத்தரும் பதில் சொன்ன பிறகே தெருவில் இறக்கினேன்.

மேல வீதி மூலையில் அக்கா நின்றார். நான் முன்னால் போனவர்களை நிற்கச் சொன்னேன். பத்து பேரும் நின்றார்கள்.

"மாவு பொங்கி வழியப் போவுது டீச்சர்," என்றார் தில்லையம்மாள். ஆனால் நகரவில்லை.