மேகம் கட்டுகிறவரைக் கொன்றது யார்

பானு கொலைகாரியின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, உறையில் போட்டு, நாக்கால் தடவி ஒட்டினாள். அந்த நேரம் பார்த்து விமானதளத்தை ஒட்டிய லம்பா லைன் வீட்டுக்கு மேலே பகல் விமானம் ஒன்று தாழ்ந்து போக, மேசை ஓரத்தில் இருந்த இருபது முகப் பகடை அதிர்ந்து தரையில் விழுந்து உருண்டது. கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவினாள். மூன்று விழுந்திருந்தது. ஆட்டம்தான் இன்னும் தொடங்கவில்லையே, இது சேர்த்தி இல்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மூன்று மாதமாக அவளுக்கு இந்தக் கொலையோடுதான் குடித்தனம். ஞாயிறுதோறும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா சித்ரா, அத்தான் அன்பழகன், வண்டூரில் சுற்றுலாப் படகு ஓட்டும் பக்கத்து வீட்டு பிரவீன்குமார் மூவரும் வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பானுதான் கேம் மாஸ்டர். அவள் கதை சொல்லச் சொல்ல மற்றவர்கள் ஆளுக்கொரு வேடத்தில் அதற்குள் நடமாடுவார்கள். துணிந்து எதையாவது செய்தால் பலிக்குமா பலிக்காதா என்று பகடை சொல்லும். இதுவரை டிராகன்களையும் பூதங்களையும் துரத்தியாயிற்று. துப்புத் துலக்குகிற கதை இதுதான் முதல்.

மேகங்கள் கரையேறித் தங்கிப் போகிற ஒரு தீவை அவள் உண்டாக்கியிருந்தாள். அங்கே ஒரு கிழவர், கப்பலைக் கட்டுவதுபோல மேகத்தைக் கயிறு போட்டு, கப்பல் அணையும் மேடையான ஜெட்டியில் கட்டுகிறவர். கட்டிய மேகம் தூக்கம் வராமல் முனகினால் அதன் ஈர வயிற்றில் தட்டிக் கொடுப்பார். ஒரு விடியலில் அவர் ஜெட்டியில் செத்துக் கிடக்கிறார். கயிறுகள் அறுந்து தொங்குகின்றன. வானத்தில் ஒரு மேகம் இல்லை. சந்தேகம் மூன்று பேர்மேல்: உப்பு வியாபாரி, ஆளைச் சுமந்து பறக்கும் கழுகுகளை வாடகைக்கு விடுகிறவள், அக்கரையில் படித்துக்கொண்டிருந்த கிழவரின் மகள்.

பானுவின் அப்பா நாகலிங்கம் இவர்கள் இருக்கும் தீவின் ஹேடோ துறைமுகத்தில் முப்பது வருஷம், கப்பலிலிருந்து எறியும் கயிற்றைக் கையில் வாங்கிக் கரையில் கட்டியவர். அவர் உயிர் போன வியாழக்கிழமை பானு நடுக்கடலில் இருந்தாள். புதன்கிழமை வரவேண்டிய சென்னைக் கப்பல், புயல் சின்னம் என்று நின்று நின்று வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. விமானத்தில் வந்திருந்தால் இரண்டரை மணி நேரம். ஏன் கப்பலில் வந்தாய் என்று சித்ரா இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு, அழுது, தீர்த்திருக்கலாம். பாவி, அவள் மீனை முள்ளெடுத்துத் தங்கை தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். கொலையாளி யாரென்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதாகப் பானு சொல்வதெல்லாம் சும்மா. முதல் நாளே நோட்டில் மகளைத்தான் எழுதினாள். உறையைக் கிழிக்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டம் நன்றாகத்தான் போயிற்று. உப்பு வியாபாரி தப்பித்தான், கழுகுக்காரியும் தப்பித்தாள். பானு தன் பெரிய துப்பை அவிழ்த்தாள்: கொலை நடந்தது வியாழக்கிழமை; வெள்ளிக்கிழமைதான் வந்து இறங்கினேன் என்று மகள் சொல்கிறாள், துறைமுகப் பலகையிலோ கப்பல் வரும் நாள் புதன் என்று எழுதியிருக்கிறது.

பிரவீன்குமார் சிரித்துவிட்டான். "அரே பானுக்கா, எந்தக் கப்பல் போர்டுல போட்ட கிழமைக்கு வந்திருக்கு? அந்தப் பொண்ணைச் சோடு தோ, விட்டுடுங்க."

"அதானே," என்றார் அன்பழகன். "டிராகன் வந்துச்சு, நம்பினோம். கப்பல் டயத்துக்கு வந்துச்சுன்னா எப்படிம்மா நம்புறது?"

பானுவுக்குக் காது சூடாகிவிட்டது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, அதுவும் நாகலிங்கத்துக்கு மகளாகப் பிறந்து, பலகையை நம்பி ஒரு கொலையைக் கட்டியிருக்கிறாள்.

சித்ரா மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டத்தில் அவள் ஊர்க்காவல் தலைவி. "நான் அந்தப் பொண்ணை விசாரிக்கணும்," என்றாள்.

"கேளு."

"கழுகு இருந்துச்சுல்ல? ஏறியிருந்தா அரை நாள்ல வந்திருக்கலாம். கப்பல்ல ஏன் வந்தே?"

பானு நோட்டைப் புரட்டினாள். நாற்பது பக்கத்தில் இதற்கு மட்டும் பதில் எழுதியிருக்கவில்லை. மகள் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்க்கப் பகடை உருட்டலாமே என்றான் பிரவீன்குமார். சித்ரா பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "வேணாம். அவளே சொல்லட்டும்."

"அவர்தான் சொன்னாரு," என்றாள் பானு. "தீவுலேருந்து அக்கரைக்குச் சங்கு வழியா பேசுனப்ப. கழுகுல வராத, கப்பல்ல வா, நான் நாளைக்கே தேறிருவேன், ஒன் கப்பல் கயித்த நான்தான் வாங்குவேன்னாரு." நோட்டை மூடினாள். "வந்தப்ப வேற யாரோ வாங்கிக் கட்டுனாங்க."

"க்யா ஹுவா, என்னாச்சு?" என்று பிரவீன்குமார் கிசுகிசுத்தான். அன்பழகன் அவன் தொடையில் கை வைத்து அழுத்தினார்.

சித்ரா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "புதன்கிழமை பூரா அவரு ஜெட்டிக்குப் போகணும் போகணும்னுட்டே இருந்தாரு. நான்தான், இந்த உடம்போட எங்க போறதுன்னு வெளிக்கதவப் பூட்டிட்டேன். என்னத்துக்குன்னு நான் கேக்கல, பானு."

விமானம் ஒன்று கூரைக்கு மேலே ஏறிப் போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. சித்ராவின் கண் உறைமேல் இருந்தது. பானு அதை எடுத்து நோட்டுக்கு அடியில் செருகினாள். குரலைச் சரிசெய்துகொண்டாள். கேம் மாஸ்டர் நிறுத்தினால் அந்தத் தீவில் எல்லாமே நின்றுவிடும்.

"விசாரணை நடக்குற நேரத்துல, கடல் பக்கமிருந்து ஒரு மேகம் திரும்பி வருது. ஒண்டியா. தாழ வருது. அறுந்த கயிறு தண்ணில இழுபட்டுட்டே வருது. ஜெட்டியில ஆள் இல்ல. யாரு பிடிக்கிறீங்க?"

சித்ரா பகடையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கயிறு வாங்க அப்பா நிற்பதுபோலவே கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, இரண்டு கைகளையும் பானுவை நோக்கி நீட்டினாள்.