ஜிரவாவின் பங்கு மதில்

அந்த வருடம் ஏரி எப்போது உறைந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஜிரவாவின் கணவன் செத்தது அதற்கு முந்தைய அறுவடையிலா, அதற்கும் முன்னாலா என்பதிலும் சந்தேகம்தான். மதில் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஏரிக்கரை ஊரைச் சுற்றி, ஓக் கட்டைகளைக் கூண்டாக அடுக்கி, உள்ளே மண் அடைத்து எழுப்பிய மதில். வீட்டுக்கு ஒரு கூண்டு பங்கு. ஏரி உறைந்துவிட்டால் எதிரி நடந்தே வந்துவிடுவான். அதற்குள் பங்கைச் சரிசெய்யாத வீட்டுக்கு மதிலுக்குள் இடமில்லை.

தலைவர் நெமோய் கோடரியின் பின்புறத்தால் கூண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார். ஜிரவாவின் கட்டையில் கோடரி புதைந்தது.

“உளுத்துப் போச்சும்மா. நரியே நுழைஞ்சிடும்.”

“நுழையட்டும். எனக்கும் துணை வேணுமில்ல.”

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

அன்று மாலை கொழுந்தன் துகோமில் வந்தான். “பங்கை எனக்கு விட்டுடுங்க அண்ணி. எங்க அடுப்போரமா படுத்துக்கலாம். கஞ்சி ஊத்துவா.”

“உன் பொண்டாட்டியா?”

“எனக்கும் அவதானே ஊத்துறா.”

“அதான் இப்படி இளைச்சிருக்க.”

அவன் போன பிறகு அவள் கணக்குப் போட்டாள். ஓக் மரம் சதுப்புக்கு அந்தப் பக்கம். இழுக்க மாடில்லை, வெட்டக் கையில் வலுவில்லை. இன்னொருத்தி அடுப்பருகில் படுத்து, எழச் சொன்னால் எழுந்து, நகரச் சொன்னால் நகர்ந்து வாழ்வதை நினைத்தாள். அதற்கும் தன்னிடம் வலுவில்லை என்று பட்டது.

காலையில் தன் வீட்டுக் கூரையில் ஏறி நாணலைப் பிரிக்கத் தொடங்கினாள். சுவர்கள் கணவன் வெட்டிய ஓக். அவற்றைப் பிரித்து மதிலில் அடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. துகோமில் முணுமுணுத்துக்கொண்டே வந்து கட்டைகளை இழுத்துக் கொடுத்தான், கூண்டை அடுக்கினான். அதை நிரப்பும் மண்ணை அவள் வீட்டுத் தரையிலிருந்தே தோண்டிச் சுமந்தாள். மார்பளவு பள்ளமானதும், அதன்மேல் பழைய நாணலையே பரப்பி உள்ளே இறங்கிப் படுத்துவிட்டாள்.

நெமோய் வந்து தட்டினார். கட்டை அசையவில்லை.

“மதில் சரி. வீட்டைக் காணோமே.”

“வீட்டையும் தட்டிப் பாக்கணுமா?” பள்ளத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. “முதுகு நிமிரல. போயிட்டு வாங்க.”

அவர் அடுத்த கூண்டுக்குப் போனார்.

அந்தக் குளிரில் யாரும் வரவில்லை. மூன்றாம் குளிரில் எதிரிகள் வந்தார்கள். மதிலின் வாசல் பக்கம் எரிந்தது, நெமோய் அங்கேயே செத்தார். துகோமிலும் மனைவியும் ஆற்றைக் கடந்து தெற்கே போனார்கள், பிறகு சேதியில்லை. ஜிரவா அந்தப் பள்ளத்தில் ஏழு குளிர்காலம் தனியாக இருந்து, இருமலில் செத்தாள்.