மந்திரியின் விரல்

நிக்கொலாய் ஸ்தெபானொவிச்சிடம் ஆறு வருஷம் அறுவை சிகிச்சை படித்தவன் நான். தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் பையன் கிருபாநிதி ரஷ்யாவுக்குப் போகிறான் என்றதும், கம்யூனிஸ்டாகிவிடக் கூடாதே என்று குருவானவர் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினார். கம்யூனிஸ்ட் ஆகவில்லை. அதைவிட மோசமாக, ஒரு மனிதரைக் கும்பிடுகிறவனாகத் திரும்பி வந்தேன்.

கும்பிடத் தக்கவர்தான் அவர். பத்தொன்பது வயதில் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுப் போர்முனைக்குப் போய், கூடாரத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் சிப்பாய்களின் உடம்பிலிருந்து குண்டுகளை எடுத்தவர். சண்டை முடிந்தபின் இதய அறுவைக்கு வந்தார். வால்வு சுருங்கிய இதயத்தில் சின்னத் துளை போட்டு, சுட்டுவிரலை உள்ளே விட்டு, வால்வை விலக்கித் திறப்பார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரல் சொல்வதுதான் எல்லாம். 1970இல் சோவியத் யூனியனுக்குள் இருந்த அவருடைய குடியரசுக்கு அவரைச் சுகாதார மந்திரியாக்கினார்கள். கட்சி கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அங்கே வழியில்லை. 'நானூறு ஆஸ்பத்திரிகளுக்குக் கையெழுத்துப் போடுகிறேன், ஒரு நோயாளியின் பெயரும் எனக்குத் தெரியவில்லை' என்று எனக்கு எழுதினார்.

1974 ஜனவரியில் துறைமுகம், உப்பளம், ஆஸ்பத்திரி என்று சுற்றிப் பார்க்கத் தூத்துக்குடிக்கு ஒரு சோவியத் குழு வந்தது. அதில் அவரும் இருந்தார். மொழிபெயர்க்க என்னை விட்டால் ஊரில் ஆளில்லை. முதல் நாள் முழுக்க மாலையும் மேடையும்தான். கொடுத்த மக்ரூனைக்கூட மந்திரி மாதிரியே தின்றார்.

இரண்டாம் நாள், நான் வேலை பார்த்த சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே வளன் படுத்திருந்தான். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன், இருபத்தேழு வயது. சிறுவயதில் வந்த காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட்டது. படியேறினாலே மூச்சு வாங்கியது. மறுநாள் காலை நான் அறுப்பதாக ஏற்பாடு. அதே ஆபரேஷனை அதுவரை பதினொரு பேருக்குச் செய்திருந்தேன். பதினொரு பேரும் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

என் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை வாங்கி வளனின் மார்பில் வைத்தார். முகமே மாறிவிட்டது.

"நான் செய்யட்டுமா?" என்றார். ஒரு மந்திரி அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வந்தவன் வளனின் மச்சான் மனுவேல். வளனின் மனைவி மரியசெல்விக்கு அண்ணன். இந்தக் கரையில் அதுதான் வழக்கம். கடலுக்குள் இறங்குகிறவனுக்குப் படகில் நின்று கயிறு பிடிப்பது மனைவியின் உடன்பிறந்தவன். தங்கை தாலியறுக்க எவனும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. ஒன்பது வருஷம் வளனுக்குக் கயிறு பிடித்த மனுவேல், அன்றைக்குப் பேனாவைத் திறக்கவில்லை.

"டாக்டர், அவுக கடைசியா எப்ப கத்தி எடுத்தாகன்னு கேட்டுச் சொல்லுங்க."

"எதுக்குக் கேக்க?"

"ஒரு மாசம் சங்கு குளிக்காம இருந்தவன நாங்க நேரா ஆழத்துக்கு எறக்க மாட்டோம். மொதல்ல மூணு பாகம், மூணு ஆள் ஆழத் தண்ணியில ரெண்டு நாளு முங்கி எந்திரிக்கச் சொல்லுவோம். எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் சரி. கேக்காம எறக்குனா அது கயிறு பிடிக்கவன் குத்தம்."

கேள்வியை அப்படியே ரஷ்ய மொழியில் சொன்னேன். நிக்கொலாய் ஸ்தெபானொவிச் ஒளிக்கவில்லை. "நான்கு வருஷமாகத் தொடவில்லை. உள்ளபடி சொல். வேண்டாம் என்றால் நீ செய், நான் பக்கத்தில் நிற்கிறேன்."

மனுவேல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன மாசங்கூட ரெண்டு பேருக்குப் பண்ணுனாராம்" என்றேன்.

ஏன் சொன்னேன்? அந்த விரலை இன்னொரு தடவை பார்க்க ஆசை. அதுவும் என் ஆஸ்பத்திரியில், என் ஊர் பார்க்க. நாலு வருஷத்தில் அந்த விரல் மறந்துவிடுமா என்ற கொழுப்பு. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது அகப்படுமா என்று தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

மனுவேல் கையெழுத்துப் போட்டான். "ஏலே வளன், பயப்படாத. பழக்கம் விடாத கைதாம்" என்று மச்சானின் தோளைத் தட்டினான்.

மறுநாள் காலை மார்பைத் திறந்தது வரை எல்லாம் பழைய அழகோடுதான் நடந்தது. விரல் உள்ளே போனது. அரை நிமிஷத்தில் முடிக்கிறவர், ஒரு நிமிஷம் தாண்டியும் நின்றார். முகத்துணிக்கு மேலே அவர் கண்கள் என்னைத் தேடின. "புரியவில்லை" என்றார். பிறகு அழுத்தினார். இதயச் சுவர் கிழிந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து தைத்தோம், பிசைந்தோம், நாற்பது நிமிஷம் போராடினோம். வளன் பிழைக்கவில்லை.

ரத்தக்கறை படிந்த அங்கியோடு அவரே வெளியே வந்து மரியசெல்விக்கும் மனுவேலுக்கும் முன்னால் நின்றார். "சொல் கிருபா. நான்கு வருஷம் பழக்கம் விட்ட கை என்று தெரிந்தும் என்னை நம்பினார்கள். தப்பு என்னுடையது. ஒரு வார்த்தை விடாமல் சொல்."

சொன்னால் நான் அகப்படுவேன்.

"முடிஞ்ச மட்டும் பாத்தாராம். இதயம் தாங்கலன்னு சொல்லுதாரு."

மரியசெல்வி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மனுவேல் அந்த வெள்ளைக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அவுக மேல குத்தமில்ல. கேட்டுத்தான எறக்குனோம்."

"என்ன சொல்கிறார்?"

"உங்கள் மேல் குற்றமில்லை என்கிறார்."

அவர் குழந்தை மாதிரி அழுதார்.

அடுத்த வருஷமே மந்திரி பதவியை விட்டுவிட்டு ஒரு சின்ன ஊரில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லப் போனார். கத்தியைத் தொடவேயில்லை. 1978இல் கடிதம் வந்தது: 'உண்மை தெரிந்தே என்னை அனுமதித்து, உண்மை தெரிந்தே மன்னித்த அந்த மனிதரைப் பற்றி ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.'

கடிதத்தை எடுத்துக்கொண்டு மனுவேல் வீட்டுக்குப் போனேன். இந்த முறை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் போனேன். வணக்கத்தைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது.

"எங்கள மறக்கலையா அவுக? பூசைக்குப் போறப்பல்லாம் அவுகளுக்காவ வேண்டிக்கிடுதேன். ஒங்களுக்காவயுந்தான் டாக்டர்" என்றான்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.