ஐந்தாம் பத்தின் கருத்து

ஏழு மணி ஜெபமாலை ஏழரை ஆகியும் தொடங்கவில்லை. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியைக் கொளுத்திவிட்டு ஆரோக்கியம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோர்ட் ஆபீசிலிருந்து தல்லாகுளம் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம், அதற்கு இவ்வளவு நேரமா? கேட்கலாம்தான். ஆனால் அவளும் புருஷன் இன்பசேகரனும் பேசி நாலு நாளாகிறது.

கொட்டாம்பட்டி மிஷன் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வருகிறீர்களா என்று அவளைக் கேட்டிருந்தார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த பதவி. "தெனம் அம்புட்டுத் தூரம் பஸ்ல அலைய வேணாம்" என்று அவன் ஒரே போடாகப் போட்டுவிட்டான். இவள் விடுகிறவளா? சம்மதக் கடிதம் கையெழுத்தோடு ஜெபப் புத்தகத்துக்குள் தயாராக இருந்தது. போவது போவதுதான். ஆனாலும் கட்டினவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராமல் போவது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

இன்பசேகரன் சட்டையெல்லாம் தூசியாக வந்தான். கால் கழுவிவிட்டு முழங்காலிட்டான். சண்டை என்பதற்காக ஜெபமாலையை நிறுத்த முடியாது. ஒருவர் பாதி சொன்னால் மற்றவர் மீதியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மாலையில் ஐந்து பத்து, பத்துக்குப் பத்து மணி; ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் எதற்காக வேண்டுகிறோம் என்று கருத்துச் சொல்வது அந்த வீட்டு வழக்கம். நாலு நாளாகச் சண்டை அந்த வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

முதல் பத்தை இன்பசேகரன் தொடங்கினான். "நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் ஒடம்பு சொகத்துக்காக." சண்டைக்கு இழுக்காத கருத்து. ஆரோக்கியத்துக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. இரண்டாவதில் அவள் பாய்ந்தாள். "பொண்டாட்டி முன்னுக்கு வந்தா பொறுக்காத புருசன்மாருக்காக."

மூன்றாவது பத்து மகள் ஐரினுடையது. பிளஸ் டூ படிக்கிறவள். "நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிற மாதாவுக்காக" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

நான்காவது பத்தில் தியானிக்க வேண்டியது, இயேசு சிலுவை சுமந்தது. ஆரோக்கியத்துக்கு வாகாக அமைந்தது. "அவருக்குச் சொமக்கக் கை குடுக்க ஒரு ஆள் இருந்துச்சு. அந்த மனசு இந்த வீட்டு ஆம்பளைக்கும் வரணும்னு வேண்டிக்குவோம்."

ஐந்தாவது இன்பசேகரனுடையது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"காலைல ஆறரைக்கு மாட்டுத்தாவணில எடுக்குற கொட்டாம்பட்டி பஸ்ல, ஒரு ஹெட்மிஸ்ட்ரஸுக்கு தெனமும் ஜன்னலோர சீட்டு கெடைக்கணும்னு வேண்டிக்குவோம். கண்டக்டர்ட்ட சொல்லிட்டுத்தான் வாரேன். மாதாவும் ஒரு வார்த்த சொல்லி வைக்கணும்."

ஐரின் அம்மாவைப் பார்த்தாள். அவன் அதற்குள், "அருள் மிகப் பெற்ற மரியே வாழ்க" என்று ஆரம்பித்துத் தன் பாதியை முடித்துவிட்டான்.

அடுத்த பாதி ஆரோக்கியத்தினுடையது. வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஐரின் அந்தப் பாதியைத் தானே சொல்லப் போனாள். இன்பசேகரன் திரும்பாமலே அவளைக் கையமர்த்தினான். முதல் மணியை விரலிடுக்கில் பிடித்தபடி, நகர்த்தாமல் காத்திருந்தான்.