பதின்மூன்றாவது அடி

சோதனைக்காக அச்சிட்ட இசைத்தட்டு ஞாயிறு காலை எங்கள் சமையலறையில் சுழன்றுகொண்டிருந்தது. எங்கள் ‘ஃபிளின்ட் லேன்’ குழுவின் முதல் ஆல்பம். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு வந்ததும் நான் வழக்கம்போல மேசை விளிம்பில் விரலால் எண்ணினேன். அந்தப் பாட்டு பதின்மூன்று பதின்மூன்று தாள அடிகளாக நடக்கும். பன்னிரண்டு அடிகளை ஐந்து பேரும் சேர்ந்து வாசிப்போம். பதின்மூன்றாவதில் சாக்ஸபோன், டிரம்பெட், பியானோ, பேஸ் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும்; டிரம்ஸ்காரனான நான் மட்டும் சிம்பல் தகட்டின் நடுக்குமிழில் ஒரு தட்டு தட்டுவேன். அவ்வளவுதான் என் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு நிமிடம் நாற்பதாவது விநாடியில் அந்தத் தட்டு வரவில்லை. பன்னிரண்டிலிருந்து நேராக ஒன்று.

ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தேன். ஆறு தடவை.

“சாப்பிட்டுட்டு எண்ணு கிளைவ், பேக்கன் ஆறுது,” என்றாள் என் மனைவி டோரீன்.

“ஒரு அடியக் காணோம்.”

“மத்ததெல்லாம் இருக்கில்ல?”

இருந்தது. அதுதான் வேதனை. முதல் பதிவின் தொடக்கத்தையும் மூன்றாம் பதிவின் முடிவையும் பிளேடால் வெட்டி ஒட்டியபோது எவனோ ஒலிநாடாவில் ஏழெட்டு அங்குலம் கூடுதலாக நறுக்கிவிட்டான். ஆனால் கேட்கிறவர்கள் ஒட்டியவனைச் சொல்ல மாட்டார்கள். லண்டனில் டிரம்ஸ் வாசிக்கிற ஒவ்வொருவனும் இந்த இசைத்தட்டை வாங்கி, அந்த இடத்தில் நிமிர்ந்து, இவனுக்குப் பதின்மூன்று வரை எண்ணத் தெரியவில்லை என்பான்.

மார்ச் மூன்றாம் தேதி இசைத்தட்டுக் கம்பெனிக்கு எழுதினேன். பக்கம், நிமிடம், விநாடி, விடுபட்டது எது, எதனால், எப்படித் திருத்தலாம் என்று வரிசையாக. பதில் வரப் பதினாறு நாள் ஆனது. கடிதத்துக்கு நன்றியாம், தட்டுகள் கடைகளுக்குப் போய்விட்டனவாம். அடுத்த அச்சிலாவது திருத்துங்கள் என்று அன்றே மறுகடிதம் போட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

ஏப்ரலில் ஓர் இசை வார இதழில் மதிப்புரை வந்தது. டெட்ஃபோர்டில் ஒரு பப்பின் மாடியில்தான் எங்கள் ஒத்திகை. சாக்ஸபோன் வாசிப்பவனும் குழுவின் தலைவனுமான ரெக்ஸ் இதழை உயர்த்திப் பிடித்துக்கொண்டு படித்தான்.

“கேட்டியா வாத்தியாரே? நாலாவது நிமிஷத்துல தாளமே கால் இடறுதாம். ரெக்ஸ் லாம்பர்ட்டோட துணிச்சலாம்.”

கடிதம் எழுதுகிறவன் என்பதால் எனக்கு வைத்த பெயர் அது.

“இடறினது பிளேடு,” என்றேன்.

“அது யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். மொதல்ல கேட்டப்போ நீயே மூஞ்சியச் சுளிச்சே.”

“அப்போ சுளிச்சேன். இப்போ புடிச்சிருக்கு. இனிமே மேடையிலயும் அப்படித்தான். நான் தலைய ஆட்டுவேன், பன்னண்டுலேருந்து ஒண்ணுக்குத் தாவிடு.”

பேஸ் கிட்டாரின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த டூகல் நிமிரவே இல்லை. “ஒரே ஒரு அடிப்பா. சரின்னு சொல்லிட்டா கீழ போயி பீர் குடிக்கலாம்.”

“தப்ப ஒத்திகை பாக்கச் சொல்றீங்களா?”

“முடியலன்னா சொல்லிடு,” என்றான் ரெக்ஸ், இதழை மடித்தபடி. “லூயிஷம்ல ஒரு டிரம்ஸ்காரன் இருக்கான். நம்ம ரெக்கார்ட அப்படியே வாசிக்கிறான். தாவலோட.”

எனக்குக் காது சுட்டது. நான் செய்யாத தப்பை என் பெயரில் ஒருவன் மனப்பாடம் செய்திருக்கிறான்; அவன் என் நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவன். குச்சிகளை எடுத்தேன். அன்று வேறு பாட்டுகளையே வாசித்தோம்.

சனிக்கிழமை ரெடிங்கில், ஒரு கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் கச்சேரி. மாணவர்கள் தரையில் சம்மணமிட்டிருந்தார்கள். பாட்டு தொடங்கியபோதே தெரிந்தது, இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்டவர்கள். நாலாம் நிமிடம் நெருங்க நெருங்கத் தலைகள் முன்னே சாய்ந்தன. அந்த இடத்துக்காகவே வந்திருந்தார்கள். ரெக்ஸ் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினான்.

பன்னிரண்டு.

எல்லோரும் தாவினார்கள். நான் தட்டினேன்.

என் தட்டு அவர்களுடைய ஒன்றின் மேல் விழுந்தது. அதன் பிறகும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒழுங்காகப் பதின்மூன்று எண்ணிக்கொண்டு, அவர்களுக்கு ஓர் அடி பின்னால், தனியாக நடந்தேன். டூகல் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பியானோ ஒருமுறை என் பக்கம் வரப் பார்த்துவிட்டு ஓடிப்போனது. பாட்டு சரிந்து விழட்டும் என்று விரும்பினேன். விழுந்தால் அந்தத் தப்பு எல்லோருக்கும் கேட்கும். மீதி ஆறு நிமிடமும் அது விழவில்லை.

முடிந்ததும் கூடமே எழுந்து நின்றது. தாடிக்காரன் ஒருவன் மேசைமேல் ஏறிக் கைதட்டினான். ரெக்ஸ் வியர்வை வழிய என்னிடம் குனிந்தான்.

“வாத்தியாரே, இத ஏன்டா ஒத்திகைல காட்டல? நாளைக்கும் இதையே வை.”

சிம்பல் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். ஒலி நின்றது. ஆனால் கைக்கடியில் உலோகம் மெல்லியதாக நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த அதிர்வுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணாமல் இருக்கப் பார்த்தேன்.